டில் வந்த கோடை

கேள்வி: ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை இனவெறி பற்றிய நீதிமன்றக் கதை என்று சொல்லித்தான் எல்லோரும் பரிந்துரைத்தார்கள். படித்தால் பாதிப் புத்தகம் வரை மூன்று பிள்ளைகள் அண்டை வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் இந்த இழுவை? அதில் வரும் டில் என்ற பையன் எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டிதான் என்கிறார்கள். நாவலையே அவர்தான் எழுதிக் கொடுத்தார் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையா? எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இதைக் கொடுக்கலாமா?

பதில்:

இழுவை என்று உங்களுக்குத் தோன்றிய பகுதிதான் நாவலின் உடம்பு. மொத்தம் 31 அத்தியாயங்கள். நீதிமன்ற விசாரணை நடப்பது 17 முதல் 21 வரை, ஐந்தே அத்தியாயங்களில். மீதியில் பெரும்பகுதி, 1933 கோடையிலிருந்து 1935 அக்டோபர் வரை அலபாமா மாநிலத்தின் மேகோம் என்ற கற்பனை ஊரில் சில பிள்ளைகள் விளையாடியதும் பயந்ததும் பொய் சொன்னதும் அடித்துக்கொண்டதும்தான்.

முதல் பக்கத்திலேயே ஆசிரியர் இதைச் சொல்லிவிடுகிறார், நாம்தான் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அண்ணன் ஜெம்முக்குப் பதின்மூன்று வயது நெருங்கும்போது கை முறிகிறது. அது எங்கிருந்து வந்த வினை என்று பல வருடம் கழித்து அண்ணனும் தங்கையும் வாதிடுகிறார்கள். யூவெல் குடும்பத்தால் வந்தது என்கிறாள் தங்கை ஸ்கவுட். டாம் ராபின்சன் என்ற கறுப்பின இளைஞன்மேல் பொய்ப் பழி சுமத்தும் குடும்பம் அது. ஜெம் ஒப்புக்கொள்வதில்லை. டில் வந்த கோடையில்தான் எல்லாம் ஆரம்பித்தது, வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்கும் அண்டை வீட்டுக்காரன் பூ ராட்லியை வெளியே வரவழைக்கலாம் என்ற யோசனையை முதலில் கிளப்பியவன் அவன்தானே என்கிறான். அடித்துத் தீர்த்துக்கொள்ளும் வயதெல்லாம் கடந்துவிட்டதால் இருவரும் அப்பாவிடம் போகிறார்கள். வக்கீலான ஆட்டிகஸ் ஃபின்ச் இரண்டு கட்சியும் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வழக்குக்காக மட்டும் இந்த நாவலைப் படிப்பவர்கள் தங்கையின் கட்சி. நான் அண்ணனின் கட்சி.

புத்தகம் பிறந்த விதமும் அண்ணனுக்கே சாதகம். 1926இல் அலபாமாவின் மன்ரோவில் என்ற சிற்றூரில் பிறந்த லீ, நியூயார்க்கில் விமானக் கம்பெனிகளில் டிக்கெட் பதிவு எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே எழுதிவந்தார். 1956 கிறிஸ்துமஸ் அன்று மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன் என்ற நண்பர்களான தம்பதி ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு எழுது என்றார்கள். அப்படி எழுதிப் பதிப்பகத்துக்குப் போன முதல் பிரதியில் ஸ்கவுட் வளர்ந்த பெண். நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வந்து அப்பாவோடு மோதுகிறாள். சிறுவயது நினைவுகள் நடுநடுவே வந்துபோகும். நாம் அறிந்த அந்தப் பெரிய வழக்கு அதில் சில பத்திகளோடு முடிந்துவிடுகிறது, அதுவும் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிடுகிறார். டே ஹோஹோஃப் என்ற பதிப்பாசிரியை அந்தச் சிறுவயது நினைவுகளில் மனம் பறிகொடுத்து, முழு நாவலையும் அந்தச் சிறுமியின் பார்வையிலேயே எழுதச் சொன்னார். 2015இல் அந்தப் பழைய பிரதி ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்ற பெயரில் வெளிவந்தபோது லீயே இதைச் சொன்னார். அதாவது பிள்ளைகளின் கோடைகள் முதலில் வந்தன, வழக்கு அவற்றுக்குள் பெரிதாக வளர்ந்தது. 1960 ஜூலையில் நாவல் வெளிவந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. பக்கத்துத் தென் மாநிலமான ஜார்ஜியாவின் எழுத்தாளரான ஃப்ளானரி ஓ’கானர், வாங்குகிறவர்களுக்குத் தாங்கள் படிப்பது ஒரு பிள்ளைகள் புத்தகம் என்றே தெரியவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். குத்தலாகத்தான் எழுதினார். ஆனால் குத்திய இடம் சரியான இடம்.

இனி டில். ஸ்கவுட்டுக்கு ஆறு வயது நெருங்குகிறது, ஜெம்முக்குப் பத்து. வீட்டுச் சமையல்காரி கால்பர்னியா கூப்பிட்டால் காது கேட்கும் தூரம்தான் அவர்களுடைய உலகம். வடக்கே இரண்டு வீடு தள்ளி ஒரு கிழவியின் வீடு, தெற்கே மூன்று வீடு தள்ளி ராட்லி வீடு. இந்த எல்லைக்குள் ஒருநாள், அடுத்த வீட்டு ரேச்சல் அம்மாளின் கீரைப் பாத்தியில் ஏதோ அசைகிறது. நாய்க்குட்டி என்று நினைத்துப் போய்ப் பார்த்தால் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், கீரைச் செடிக்குமேல் தலை எழும்பாத உயரத்தில். தன் பெயர் சார்ல்ஸ் பேக்கர் ஹாரிஸ், தனக்கு வாசிக்கத் தெரியும் என்கிறான். அதனால் என்ன என்கிறாள் ஸ்கவுட். வாசிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் நான் வாசித்துத் தருவேன், தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன் என்கிறான் டில்.

உங்கள் அப்பா எங்கே என்று ஸ்கவுட் கேட்கிறாள். எனக்கு அப்பா இல்லை என்கிறான். செத்துவிட்டாரா? இல்லை. சாகவில்லை என்றால் இருக்கத்தானே வேண்டும் என்று ஸ்கவுட் விடாமல் பிடிக்கிறாள். டில்லின் முகம் சிவந்துவிடுகிறது. ஜெம் தங்கையை வாயை மூடச் சொல்கிறான். புதிதாக வந்தவனை அண்ணன் எடைபோட்டுச் சேர்த்துக்கொண்டுவிட்டான் என்பதற்கு அதுவே அடையாளம் என்று ஸ்கவுட் எழுதுகிறாள். இந்த ஒரு வரிக்காகவே நான் லீயைப் பெரிய எழுத்தாளர் என்பேன். பிள்ளைகளின் நட்பு தொடங்கும் கணத்தில் யாரும் கைகுலுக்குவதில்லை. ஒருவனுக்கு எங்கே வலிக்கிறது என்று இன்னொருவன் கண்டுகொண்டு பேச்சை மாற்றுகிறான்.

பிறகு டில் தன் அப்பாவை உற்பத்தி செய்யத் தொடங்குகிறான். அவர் ஆட்டிகஸைவிட உயரம், கூரான கறுப்புத் தாடி, ஒரு பெரிய ரயில்வே கம்பெனிக்குத் தலைவர். அண்ணன் தங்கைக்குத் தெரியாதது எல்லாம் டில்லுக்குத் தெரியும், ஏனென்றால் அவன் டிராகுலா படம் பார்த்தவன். பழைய விளையாட்டுகள் சலித்தபோது ராட்லி வீட்டின்மேல் அவன் கண் விழுகிறது. ஆர்தர் ராட்லி, ஊரார் வைத்த பட்டப்பெயர் பூ. அப்பாவின் காலில் கத்தரிக்கோலால் குத்தியவன் என்று கதை. வருடக்கணக்காக யாரும் அவனை வெளியே பார்த்ததில்லை. ஜெம் அந்த வீட்டு வாசலைத் தாண்டமாட்டான் என்று டில் ஒரு புத்தகத்தைப் பந்தயம் வைக்கிறான். ஜெம் ஓடிப்போய்ச் சுவரைத் தட்டிவிட்டு ஓடிவருகிறான். அடுத்த கோடையில் ராட்லி குடும்பத்தின் கதையை மூவரும் தெருவிலேயே நாடகமாக நடிக்கிறார்கள், கால்பர்னியாவின் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலைத் தினமும் திருடிவந்து.

அந்த நட்பில் பாசம் எவ்வளவோ அவ்வளவு கணக்குவழக்கும் இருக்கிறது. டில் ஸ்கவுட்டிடம் உன்னைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறான், ஜெம்மோடு ஒட்டிக்கொள்கிறான். இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், பலனில்லை என்கிறாள் ஸ்கவுட். ஆண்பிள்ளைகள் இருவர் சேர்ந்தால் மூன்றாவதாக நிற்கும் பெண்பிள்ளையின் நிலை, ஒரு வரி புலம்பல் இல்லாமல் அங்கே பதிவாகிவிடுகிறது.

நீங்கள் ஒரே ஓர் அத்தியாயத்தைத் திரும்பப் படிப்பதாக இருந்தால் பதினான்காவதைப் படியுங்கள். மூன்றாவது கோடையில் டில் வரவில்லை. புது அப்பா வந்திருக்கிறார், இருவரும் சேர்ந்து படகு கட்டப்போகிறோம் என்று கடிதம் வருகிறது. ஓர் இரவு ஸ்கவுட் தன் கட்டிலுக்கு அடியில் ஏதோ இருப்பதை உணர்கிறாள். பாம்பு என்று நினைக்கிறாள். ஜெம் துடைப்பத்தோடு வந்து குத்திப் பார்த்தால், அழுக்கும் பசியுமாக டில் வெளியே வருகிறான். அண்டை மாநிலமான மிசிசிப்பியின் மெரிடியன் ஊரிலிருந்து ஓடிவந்திருக்கிறான். புது அப்பா நிலவறையில் சங்கிலியால் கட்டிவைத்தார், வழியில் போன விவசாயி பச்சைப் பட்டாணி கொடுத்துக் காப்பாற்றினார் என்று ஒரு புராணம் சொல்கிறான். உண்மையில் நடந்தது வேறு: அம்மாவின் பையிலிருந்து 13 டாலர் எடுத்து, ரயில் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு இருந்த 14 மைலில் பெரும்பகுதியை நடந்து, மிச்சத்தைப் பருத்தி வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

இங்கே ஜெம் ஒரு காரியம் செய்கிறான். எழுந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறான். பிள்ளைகள் தங்களுக்குள் வைத்திருந்த சட்டத்தில் மிச்சமிருந்ததையும் அண்ணன் உடைத்துவிட்டான் என்கிறாள் ஸ்கவுட். பெரியவனாவது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் படித்ததில்லை. ஜெம் செய்தது சரி, அது துரோகமும்தான். ஆட்டிகஸ் என்ன செய்கிறார் தெரியுமா? திட்டவில்லை. அடுத்த வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, முதலில் பையனுக்குச் சாப்பாடு போடச் சொல்கிறார்.

அன்றிரவு டில் ஏன் ஓடிவந்தான் என்று ஸ்கவுட்டிடம் சொல்கிறான். யாரும் அடிக்கவில்லை. கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார்கள், வாங்கித் தந்துவிட்டு அதோடு போய் விளையாடு என்கிறார்கள். நான் இல்லாமல் இருந்தால் அவர்களுக்கு நன்றாக இருக்கிறது என்கிறான். ஸ்கவுட்டுக்கு இது புரியவே இல்லை, அவளை ஒரு நாளைக்கு நூறு பேர் தேடுகிறார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், பூ ராட்லி ஏன் இதுவரை ஓடிப்போகவில்லை என்று அவள் கேட்கிறாள். ஓடிப்போவதற்கு அவனுக்கு ஓர் இடம் இல்லையோ என்னவோ என்கிறான் டில். இரண்டு கோடைகளாகப் பூதமாக இருந்த பூ ராட்லி அந்தப் பதிலில்தான் மனிதனாகிறான். ஓடிப்போக ஒரு கட்டிலடி கிடைத்த பையனுக்குத்தான் அது தோன்றியிருக்க முடியும்.

இப்போது வழக்குக்கு வாருங்கள். நீதிமன்ற மாடியில், கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய இடத்தில், மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெம் சட்டத்தைப் பின்தொடர்கிறான், ஜெயித்துவிடுவோம் என்று கணக்குப் போடுகிறான். ஸ்கவுட் வேடிக்கை பார்க்கிறாள். அழுகிறவன் டில். அரசுத் தரப்பு வக்கீல் டாம் ராபின்சனிடம் பேசும் தொனி அவனுக்குக் குமட்டுகிறது. எல்லா வக்கீல்களும் குறுக்கு விசாரணையில் அப்படித்தான் என்று ஸ்கவுட் சமாதானம் சொன்னாலும் அவன் ஏற்கவில்லை. வெளியே மரத்தடியில் டால்ஃபஸ் ரேமண்ட் என்ற மனிதர், இவனுக்கு இன்னும் உலகம் பழகவில்லை, கொஞ்சம் வளர்ந்தால் அழமாட்டான் என்கிறார். வேண்டாதவனாக வளர்ந்த பையன்தான் இன்னொரு மனிதன் அவமதிக்கப்படுவதை வயிற்றில் உணர்கிறான். அதற்கான தயாரிப்பு முழுவதும் நீங்கள் இழுவை என்று சொன்ன பக்கங்களில் இருக்கிறது. அவற்றைத் தாண்டிக்கொண்டு வந்தால் இந்த அழுகை வெறும் குழந்தை அழுகை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பூ ராட்லி கடைசியில் வெளியே வருகிறான், பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றுகிறான். ஆனால் அவனை வெளியே கொண்டுவரத் துடித்த டில் அப்போது ஊரில் இல்லை. கோடை முடிந்ததுமே மெரிடியனுக்குத் திரும்பிவிட்டான். பூவை அவன் பார்க்கவே இல்லை. ஸ்கவுட் மட்டும் ராட்லி வீட்டுத் திண்ணையில் நின்று தங்கள் தெருவைப் பார்க்கிறாள். இத்தனை கோடைகளில் மூவரும் ஆடிய நாடகம் உள்ளே இருந்தவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பது அவளுக்கு அங்கே விளங்குகிறது. நண்பன் தொடங்கிய விளையாட்டு, அவன் இல்லாதபோது முடிகிறது. சிறுவயது நட்புகளில் இது எவ்வளவு சகஜம்!

கப்போட்டி விஷயம். ஆம், டில்லுக்கு அவர்தான் மாதிரி. 1924இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ட்ரூமன், பெற்றோர் பிரிந்த நிலையில் மன்ரோவில்லில் அம்மாவழி உறவினர்களிடம் விடப்பட்டார். லீயின் வீடு அடுத்த வீடு. குள்ளமான, விநோதமாக உடுத்திய, வாய் ஓயாத பையன். தெருப் பிள்ளைகள் சீண்டினால் அவனுக்காகக் கை ஓங்கியது இரண்டு வயது இளையவளான நெல். லீயை ஊரில் அப்படித்தான் அழைத்தார்கள். வக்கீலான அவருடைய அப்பா அமேசா கோல்மன் லீ கொடுத்த பழைய அண்டர்வுட் டைப்ரைட்டரில் இருவரும் கதை எழுதினார்கள். பிறகு ட்ரூமனின் அம்மா ஜோசப் கப்போட்டியை மணந்து மகனை நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டார். கைமாறு போல, 1948இல் வந்த கப்போட்டியின் முதல் நாவலில் ஐடபெல் என்ற அடங்காத சிறுமி வருகிறாள். அவள் லீ. இரண்டு எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் பிள்ளைகளாகவே வைத்துப் பாதுகாத்தது இலக்கியத்தில் அபூர்வம்.

அவர் எழுதிக் கொடுத்தார் என்பது வெறும் வதந்தி. 1959 ஜூலையில் கப்போட்டி தன் சித்தி ஒருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: நெல் எழுதிய அளவைத் தனக்குக் காட்டினாள், தனக்கு மிகவும் பிடித்தது, அவளிடம் உண்மையான திறமை இருக்கிறது என்கிறார். தான் எழுதிய புத்தகத்தைப் பற்றி யாரும் அப்படி எழுதமாட்டார்கள். அதோடு, தன் சாதனைகளைப் பேசுவதில் கப்போட்டி கூச்சப்படும் ஆள் இல்லை. தான் எழுதியிருந்தால் விருந்துக்கு விருந்து சொல்லியிருப்பார். உதவி எதிர்த்திசையில்தான் அதிகம் போனது. கன்சாஸ் மாநிலத்தில் நடந்த ஒரு குடும்பக் கொலை பற்றி எழுத 1959 டிசம்பரில் கப்போட்டி போனபோது லீயையும் அழைத்துப்போனார். கப்போட்டியின் குரலையும் உடையையும் பார்த்து மிரண்ட அந்த ஊரார், லீயிடம்தான் மனம்விட்டுப் பேசினார்கள். கட்டுக்கட்டாகக் குறிப்பெடுத்துத் தந்தார் லீ. 1966இல் ‘இன் கோல்ட் பிளட்’ புத்தகமாக வந்தபோது அவருக்குக் கிடைத்தது சமர்ப்பணத்தில் பாதி, இன்னொரு பெயரோடு சேர்த்து. லீக்குக் கிடைத்த புலிட்சர் கப்போட்டிக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. வதந்தியை அவர் உரக்க மறுக்கவும் இல்லை. விற்பனையாகும் ஒரு நாவலை நான் எழுதியதை ட்ரூமனால் மன்னிக்க முடியவில்லை என்ற பொருளில் லீ பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கப்போட்டி 1984இல் இறந்தார், லீ 2016இல். கீரைப் பாத்தியில் தொடங்கிய நட்பு வாழ்க்கையில் இப்படித்தான் முடிந்தது. நாவலில் டில் வளரவே இல்லை என்பது அவனுடைய அதிர்ஷ்டம்.

நாவலைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. இத்தனை அழகான நட்புக் கதையில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கறுப்பின நண்பன்கூட இல்லை. கால்பர்னியா அவர்களை வளர்க்கிறாள், தன் தேவாலயத்துக்கு ஒரு ஞாயிறு அழைத்துப்போகிறாள். உன் வீட்டுக்கு வரலாமா என்று ஸ்கவுட் ஆசையாகக் கேட்கிறாள், அத்தை அதைத் தடுத்துவிடுகிறாள், அந்தப் பேச்சு அதோடு போய்விட்டது. ஏழை வெள்ளைக்காரப் பையன் வால்டர் கன்னிங்ஹாம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. டாம் ராபின்சனின் பிள்ளைகளுக்குக் கதையில் குரல் இல்லை. 1930களின் அலபாமா அப்படித்தான் இருந்தது. 1931இல் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் இதே போன்ற பொய்ப் புகாரில் சிக்கிய மாநிலம் அது. ஆனாலும் அந்த எல்லைக்கோட்டைக் கேள்வி கேட்காத ஒரே இடம் பிள்ளைகளின் விளையாட்டுதான் என்பது எனக்கு உறுத்துகிறது. ஆட்டிகஸை மட்டும் வீரனாக நிறுத்தும் வாசிப்பைக் கறுப்பின வாசகர்கள் பலர் வெறுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வாசிப்பை வலுப்படுத்தியது 1962இல் வந்த படம். கிரிகரி பெக்கின் ஆஸ்கர் நடிப்பு அப்பாவை நடுவே கொண்டுவந்துவிட்டது.

மகளுக்குக் கொடுக்கலாம். வழக்கு ஒரு பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டைப் பற்றியது, கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் அடிக்கடி வருகிறது. இந்த இரண்டையும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், புத்தகத்தின் நடுவில் அவள் தனியாக எதிர்கொள்ள வேண்டாம். அமெரிக்கத் தெற்கில் அப்போது பள்ளி, தேவாலயம், நீதிமன்ற மாடி எல்லாமே நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன என்ற பின்னணியும் அவளுக்குத் தேவை. இது நீதிமன்றக் கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் உங்களைப் போலவே பதினேழாம் அத்தியாயத்துக்காகக் காத்திருப்பாள். முதல் அத்தியாயம் கொஞ்சம் கடினம், குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் கலந்து வரும். டில் வரும் இடம் வரை நீங்கள் சேர்ந்து படியுங்கள், அதற்குப் பிறகு அவளே போய்விடுவாள். 2015இல் வந்த அந்த இன்னொரு புத்தகத்தை இப்போதைக்கு அவள் கையில் கொடுக்காதீர்கள். அதில் ஆட்டிகஸ் இனப் பிரிவினையை ஆதரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஜெம் ஏற்கெனவே இறந்துவிட்டான். கல்லூரி வயதில் படிக்கட்டும்.